வாசகர் கேள்வி – பதில்: தீமை எங்கே தொடங்கியது?

சென்ற இதழில் ரோமர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பற்றி எழுதியபோது, ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் பிரவேசித்தன என்ற பவுலின் கூற்றைத் தொட்டுச் சென்றிருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே தசமபாகம், கலப்புத் திருமணம் முதலியவை பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, பாவத்தின் தோற்றம் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தேவன் உண்டாக்கிய எல்லாம் மிகவும் நன்றாயிருந்தது என்று ஆதியாகமம் 1:31 கூறுகிறது. ஏசாயா 45:7-இலோ, தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே என்று கர்த்தரே சொல்லுகிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? தீமையைப் படைத்தவரும் தேவன்தானா?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஏசாயா வசனத்தை முதலில் பார்த்துவிடலாம்; இரண்டில் அதுவே எளிது. அந்த அதிகாரம் பாரசீக அரசன் கோரேசை முன்னிட்டுச் சொல்லப்பட்ட வாக்கு. எருசலேமின் அழிவு பாபிலோனியத் தெய்வங்களின் வெற்றி என்றோ, வரப்போகிற விடுதலை கோரேசின் தெய்வங்கள் அளித்த கொடை என்றோ சிறையிருப்பிலிருந்த யூதர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதே அங்கே பொருள். சமாதானத்திற்கு எதிராக அங்கே நிறுத்தப்படும் தீங்கு, போரையும் தோல்வியையும் நகரங்களின் வீழ்ச்சியையும் குறிக்கிறதேயன்றி, கொலை, பொய், விபசாரம் போன்ற பாவங்களைக் குறிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் பேராயராக இருந்த பெரிய பசிலியு, தேவன் தீமைகளுக்குக் காரணர் அல்லர் என்ற பொருளில் ஆற்றிய பிரசங்கத்தில் இந்த வேறுபாட்டையே விரித்துரைத்தார். நமக்குத் துன்பமாகப் படுகிறவை ஒரு வகை, இயல்பிலேயே தீயவையான பாவங்கள் வேறொரு வகை. முன்னதைத் தேவன் நம்மைத் திருத்தும் பொருட்டு அனுப்பக்கூடும், பின்னதற்கோ நம்முடைய சித்தமே ஊற்று என்பது அவருடைய வாதம்.

ஆதியாகமத்தின் வாக்கியம்தான் கடினமானது. எல்லாம் நல்லதாகவே படைக்கப்பட்டது என்று சொன்ன மறுகணமே, கண்ணெதிரே கிடக்கும் தீமைக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்க மிகவும் வசதியான வழி, இரண்டு மூலங்களை வைத்துக்கொள்வதே. கருங்கடல் கரையிலுள்ள சினோப்பே நகரிலிருந்து உரோமைக்கு வந்த மார்சியோன், உலகைப் படைத்த பழைய ஏற்பாட்டுத் தெய்வம் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்தார். உரோமைச் சபை 144-ஆம் ஆண்டில் அவரை விலக்கிவைத்தது. அடுத்த நூற்றாண்டில் மெசொப்பொத்தேமியாவில் தோன்றிய மானி, ஒளியின் அரசும் இருளின் அரசும் தொடக்கமுதலே தனித்தனியாக இருந்தன என்றும், அவ்விரண்டும் கலந்துபோனதன் விளைவே இவ்வுலகமும் நம்முடைய உடலும் என்றும் கற்பித்தார்.

இன்றைய அல்ஜீரியாவிலிருக்கும் தகஸ்தே ஊரில் 354-இல் பிறந்து, பின்னாளில் திருச்சபையின் பெரிய இறையியலாளரான அகுஸ்தீன், இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இந்த மானியின் நெறியில்தான் இருந்தார். பாவம் செய்வது நானல்லேன், எனக்குள்ளிருக்கும் வேறொரு இயல்பு என்று எண்ணிக்கொள்வது தமக்கு இனிமையாக இருந்தது என்று பின்னாளில் அவர் எழுதினார். இந்தப் பொருளைப் பற்றி இதைவிட நேர்மையான ஒரு வாக்குமூலம் கிடைப்பது அரிது என்று நினைக்கிறேன். தீமைக்கு ஒரு தனித் தெய்வத்தை வைத்துவிட்டால் நல்ல தெய்வத்தின் கைகள் சுத்தமாகிவிடுகின்றன என்பது உண்மைதான். அதைவிட முக்கியமாக, நம்முடைய கைகளும் சுத்தமாகிவிடுகின்றன.

தீமை எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன்னால் தீமை என்பது என்ன என்று கேட்க வேண்டும் என்பதே, மானியிடமிருந்து விலகிய பிறகு அகுஸ்தீன் வந்துசேர்ந்த இடம். இருக்கிற எந்தப் பொருளும், அது இருக்கிற அளவில் நல்லதே. தீமை என்பது தனிப் பொருளன்று, இருக்க வேண்டிய நன்மை இல்லாமற்போன குறை. குருட்டுத்தன்மையைக் கண்ணுக்குள் யாரும் கொண்டுவந்து வைப்பதில்லை; பார்க்க வேண்டிய கண் பார்க்காததற்கே அந்தப் பெயர். கல்லுக்கும் பார்வை இல்லை, ஆயினும் கல்லை நாம் குருடு என்பதில்லை, ஏனென்றால் பார்வை அதற்கு உரியதன்று. பின்வந்த இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்த விளக்கத்தை மேலும் நுணுக்கமாக்கினாலும் அடித்தளம் அகுஸ்தீனுடையதே.

புற்றுநோயும் படுகொலையும் வெறும் இல்லாமையா என்று கேட்டு இதை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. இல்லாமை என்றால் பொய்த்தோற்றம் என்று அகுஸ்தீன் சொல்லவில்லை. பறிபோன பார்வை பறிபோனதுதான். ஆனால் இந்த விளக்கத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தீமையை யார் படைக்கவில்லை என்று காட்டுவதற்கு அது வலுவானது. துக்க வீட்டில் எடுத்துச் சொல்லுவதற்குச் சற்றும் உதவாதது. அங்கே அதைப் பேசுகிற போதகர் வாய்மூடியிருப்பதே நலம்.

தெற்குப் பிரான்சில் மீண்டும் இரண்டு மூலங்களைப் பற்றிய போதனை பரவியபோது, 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், எல்லாம் நல்லதாகவே படைக்கப்பட்டது என்ற கருத்தைச் சபையின் அறிக்கையாகவே எழுதிவைத்தது. பிசாசும் மற்ற பேய்களும் தேவனால் இயல்பில் நல்லவர்களாகவே படைக்கப்பட்டார்கள், தாங்களாகவே தீயவர்களானார்கள் என்பது அதன் சாரம்.

கேள்வி: லூசிபர் பரலோகத்தில் ஆராதனைக் குழுவை நடத்திய பிரதான தூதன் என்றும், பெருமையினால் விழுந்து பாவத்திற்கு மூலமானான் என்றும் எங்கள் கூடுகையில் போதிக்கிறார்கள். இது வேதத்தில் எங்கே இருக்கிறது? அப்படியானால் அவனைச் சோதித்தவன் யார்?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். முதலாவதற்கு வேதபகுதிகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல முடியும்.

ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் சாத்தான் என்ற பெயரே இல்லை. அங்கே இருப்பது, கர்த்தர் உண்டாக்கிய காட்டு ஜீவன்களில் தந்திரமிக்கதான ஒரு சர்ப்பம். யோபு புத்தகத்தில் சாத்தான் தேவபுத்திரரோடு கூட வந்து கர்த்தரின் முன்னிலையில் நிற்கிறான்; அவருடைய அனுமதி இல்லாமல் யோபின்மேல் கைவைக்க அவனால் இயலவில்லை. தாவீது இஸ்ரவேலைத் தொகையிட்ட கதை இரண்டு இடங்களில் வருகிறது. 2 சாமுவேல் 24:1-இல் அவனை ஏவியது கர்த்தருடைய கோபம். அதே நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் எழுதிய 1 நாளாகமம் 21:1-இல் ஏவியவன் சாத்தான். இவ்விரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வாசித்தால், தீய ஏவுதலைக் கர்த்தரின் பெயரோடு சேர்த்துச் சொல்லத் தயங்கிய ஒரு காலம் வந்துவிட்டதை உணரலாம்.

இரண்டு ஏற்பாடுகளுக்கும் இடைப்பட்ட காலத்து யூத நூல்களில் இந்தச் சிந்தனை பல கிளைகளாகப் பிரிந்தது. எத்தியோப்பியச் சபை இன்றும் வேதமாக ஏற்கும் ஏனோக்கின் புத்தகம், ஆதாமை விட்டுவிட்டு, ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தின் தேவகுமாரர்களைக் குற்றவாளிகளாக்குகிறது. அவர்களில் ஒருவனான அசாசேல் மனிதருக்கு வாள் செய்யக் கற்றுக்கொடுத்தானாம். கத்தோலிக்க விவிலியத்திலுள்ள சாலமோனின் ஞானம் 2:24, அலகையின் (பிசாசின்) பொறாமையால் சாவு உலகில் நுழைந்தது என்கிறது. பழைய பாம்பும் பிசாசும் சாத்தானும் ஒருவனே என்ற தெளிவான கூற்று வெளிப்படுத்தின விசேஷம் 12:9-இல்தான் கிடைக்கிறது.

இனி லூசிபர். ஏசாயா 14-இல் வானத்திலிருந்து விழுகிற விடிவெள்ளி, பாபிலோன் ராஜாவைப் பற்றிய ஏளனப் பாடலில் வருகிறது. லத்தீன் வேதாகமத்தில் விடிவெள்ளிக்குரிய சாதாரணச் சொல்லே நாளடைவில் பிசாசின் பெயராகிவிட்டது. மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன் அந்தப் பகுதியைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்தார், பலர் அவரைப் பின்பற்றினார்கள். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் தம்முடைய ஏசாயா விளக்கவுரையில் அந்த வாசிப்பை அறியாமையின் விளைவு என்று ஒதுக்கித் தள்ளினார். ஆராதனைக் குழு என்பது எசேக்கியேல் 28-இல் தீரு ராஜாவுக்கு எதிராகப் பாடப்பட்ட புலம்பலிலிருந்து எடுக்கப்பட்டது. அவனுக்கு மேளவாத்தியங்களும் நாகசுரங்களும் ஆயத்தப்பட்டிருந்தன என்று நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அங்கே கூறுகிறது. அந்த எபிரெயச் சொற்கள் தெளிவற்றவை. இரத்தினங்கள் பதிக்கும் வேலைப்பாட்டைக் குறிப்பதாகவே பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவும் அவற்றைக் கொள்ளுகின்றன. நாகசுரம் வாசிக்கிற கேருபு என்ற தூதனைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் போதனையாக நிலைநாட்ட இவ்வளவு மெல்லிய ஆதாரம் போதாது. தூதர்களில் சிலர் பாவம் செய்தார்கள் என்பதற்கு 2 பேதுரு 2:4-உம் யூதா 6-உம் போதுமானவை. அவற்றுக்கு அப்பால் சாத்தானுடைய பதவி, குழு, மனநிலை ஆகியவை பற்றிய விவரங்கள் பிரசங்கிகளுடையவை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்த இதழின் மிகச் சிறந்த கேள்வி. மனிதனைப் பாம்பு சோதித்தது, பாம்பு விழுந்த தூதன், அந்தத் தூதனை யார் சோதித்தது? சோதித்தவன் ஒருவனைக் காட்டினால் அவனைச் சோதித்தவன் யார் என்ற கேள்வி எழும். ஆக, சாத்தானின் வீழ்ச்சி தீமையின் தோற்றத்தை விளக்குவதில்லை. அதே கேள்வியை ஒரு படி பின்னால் தள்ளிவைக்கிறது. இதைச் சபையின் பெரிய ஆசிரியர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். தீய சித்தத்தை உண்டாக்கிய காரணத்தைத் தேடுவது இருளைப் பார்க்க முயலுவதையும் மௌனத்தைக் கேட்க முயலுவதையும் போன்றது என்று அகுஸ்தீன் தேவனுடைய நகரம் என்ற நூலின் பன்னிரண்டாம் பகுதியில் எழுதினார். பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம், பிசாசின் வீழ்ச்சியைப் பற்றி ஆசிரியரும் மாணவனும் பேசுவதாக ஓர் உரையாடல் இயற்றினார். அவன் ஏன் அதை விரும்பினான் என்று மாணவன் விடாமல் கேட்கிறான். விரும்பினான் என்பதால்தான் விரும்பினான், அதற்கு வேறு காரணமில்லை என்று ஆசிரியர் முடிக்கிறார்.

இது நழுவல் என்று தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அகுஸ்தீன் பதினாறு வயதில் கூட்டாளிகளோடு இரவில் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கித் திருடிய கதையைத் தம் பாவசங்கீர்த்தனம் என்ற நூலில் பல பக்கங்களுக்கு விசாரிக்கிறார். காய்கள் பார்வைக்கும் நன்றாக இல்லை, சுவையிலும் சிறப்பில்லை. அவரிடமே அவற்றைவிட நல்ல காய்கள் இருந்தன. அள்ளிக்கொண்டு வந்தவற்றைப் பெரும்பாலும் பன்றிகளுக்கு வீசினார்கள். பசியைச் சொல்லிப் பார்க்கிறார், பொருந்தவில்லை. தோழமையைச் சொல்லிப் பார்க்கிறார், தனியாக இருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார், ஆனால் அதுவும் முழு விடையாகவில்லை. திருட்டையே விரும்பினேன் என்பதைத் தவிர அவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. தீமைக்குப் போதுமான நியாயமான காரணம் ஒன்று கிடைத்துவிட்டால், அந்த அளவிற்கு அது நியாயமாகிவிடும். கிறிஸ்தவ இறையியல் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருப்பது வேண்டுமென்றேதான்.

கேள்வி: ஆதாம் பாவம் செய்வான் என்று தெரிந்திருந்தும் தேவன் அந்த மரத்தை ஏன் தோட்டத்தில் வைத்தார்?
— ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இதற்குச் சபைகள் ஒரே குரலில் பதில் சொன்னதில்லை. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரப் பேராயராக இருந்த ஐரேனியஸ், ஆதாமும் ஏவாளும் குழந்தைகளைப் போன்ற முதிர்ச்சியற்ற நிலையில் படைக்கப்பட்டார்கள் என்றும், நன்மை தீமையை அனுபவத்தில் அறிந்தே மனிதகுலம் முதிர்ச்சி பெற வேண்டியிருந்தது என்றும் கருதினார். கால்வின், தேவன் வீழ்ச்சியை வெறுமனே முன்னறிந்தார் என்று சொல்லி நிறுத்த மறுத்தார். அது அவருடைய தீர்மானத்திற்கு உட்பட்டது என்றார். 1646-இல் நிறைவு பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நடக்கிற யாவற்றையும் தேவன் நித்தியமாய் நியமித்தார் என்று கூறிவிட்டு, அதே வாக்கியத்தில், ஆயினும் அவர் பாவத்திற்குக் கர்த்தா அல்லர் என்றும் கூறுகிறது. அந்த ‘ஆயினும்’ என்ற சொல் தாங்குகிற பாரம் மிக அதிகம் என்பது என் கருத்து. அந்த அறிக்கைக்கு முன்பே டச்சு இறையியலாளர் அர்மீனியஸும், அவருக்குப் பின் மெதடிஸ்ட் இயக்கத்தின் வெஸ்லியும், இத்தகைய நிலைப்பாட்டைத் தாங்க முடியாது என்று கருதியே சுயாதீனச் சித்தத்தின் பக்கம் நின்றார்கள்.

பாஸ்கா இரவில் கத்தோலிக்க ஆலயங்களில் பாடப்படும் புகழுரை, இத்தகைய மீட்பரைப் பெற்றுத் தந்த ஆதாமின் குற்றத்தைப் பாக்கியமான குற்றம் என்றே அழைக்கிறது. அது மெழுகுதிரியைக் கையில் ஏந்திக்கொண்டு பாட வேண்டிய வரி. அதை ஒரு வாதமாக மாற்றி, குற்றம் நடந்தது நல்லதற்கே என்று நிரூபிக்கப் புறப்பட்டால் கெட்டுவிடும்.

கேள்வி: என் அலுவலகத் தோழர் சைவ சித்தாந்தம் கற்றவர். நீங்கள் ஜென்ம பாவம் (ஆதாமிடமிருந்து எல்லாரும் பிறவியிலேயே பெறும் பாவநிலை) என்பதைத்தான் நாங்கள் ஆணவ மலம் என்கிறோம் என்கிறார். இது சரியா? வினைப்பயனைப் பற்றி நாம் என்ன சொல்லுவது?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் தோழர் மேலோட்டமாகச் சொல்லவில்லை, ஒற்றுமை உண்மையிலேயே இருக்கிறது. மனிதனின் குறை அவன் செய்த செயல்களோடு முடிவதில்லை, செயல்களுக்கு அடியில் ஒரு வேர் இருக்கிறது. அந்த வேரைத் தன் முயற்சியால் மட்டும் அவனால் களைய முடியாது, அருள் வேண்டும். இவற்றை இரு நெறிகளும் சொல்லுகின்றன. நான், எனது என்று ஆன்மா தன்னுள் சுருங்கிக்கொள்வதைச் சித்தாந்தம் ஆணவத்தின் வேலை என்கிறது. மனிதன் தன்மேலேயே வளைந்துகொண்டவன் என்று லூத்தர் எழுதியதை அதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

வேறுபாடு தொடக்கத்தைப் பற்றியது. பதி (இறைவன்), பசு (ஆன்மா), பாசம் (ஆணவம் முதலிய கட்டு) ஆகிய மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமற்றவை என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. செம்பில் களிம்பு எப்போது வந்தது என்று கேட்பதில்லை. செம்பு உள்ளபோதே களிம்பும் உண்டு. ஆன்மாவைச் சிவபெருமான் இன்மையிலிருந்து படைக்கவில்லையாதலால், மலத்திற்கு அவர் பொறுப்பாளி என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. கிறிஸ்தவத்திற்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. தேவன் ஒருவரைத் தவிர அநாதியானது எதுவுமில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, தீமைக்கு ஏதோ ஒரு தொடக்கம் இருந்தாக வேண்டும். அந்தத் தொடக்கம் படைத்தவரிடம் இருக்கக் கூடாது. ஆகவே படைக்கப்பட்டவரின் சித்தத்தில்தான் இருக்க முடியும். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆணவம் அறிவற்ற சடம், சிவனுக்கு எதிராக நிற்கிற தீய தெய்வமன்று. ஆகையால் சித்தாந்தத்தை மானியின் போதனையோடு சேர்த்துப் பேசுவது பிழையாகும். நம்முடைய மேடைகளில் சில நேரங்களில் அப்படிப் பேசுகிறார்கள்.

வினைப்பயன் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் எருசலேமின் மற்றக் குடிகளைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்றும் லூக்கா 13-இல் சொல்லுகிறார். அப்படியிருந்தும் 1755 நவம்பர் 1 அன்று, சகல பரிசுத்தவான்களின் திருநாளில், ஆலயங்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது, காரணம் நகரத்தாரின் பாவங்களே, இயற்கை அன்று என்று மலகிரிதா என்ற இயேசு சபைக் குருவானவர் அடுத்த ஆண்டே நூல் எழுதி வெளியிட்டார். நம்முடைய வீடுகளிலும் ஒருவர் படுக்கையில் விழுந்தால், என்ன பாவம் செய்தாரோ என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை. ஆதாமின் பாவத்தைப் பற்றிய போதனை, இன்னாருடைய நோய்க்கு இன்னாருடைய பாவம் என்று கணக்கெழுதுவதற்கு உரிமம் தரவில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. ஜென்ம பாவத்தோடு போன குழந்தை என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. சபையின் போதனை உண்மையில் என்ன?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகளிடம் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கச் சபையோ, கீழைச் சபைகளோ, லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளோ, தென்னிந்தியத் திருச்சபையோ, அந்தக் குழந்தை தள்ளப்பட்டது என்று போதிக்கவில்லை. உங்கள் உறவினர் சொன்னது சபையின் போதனை அன்று. அது எங்கிருந்து வந்தது என்பதை இனி எழுதுகிறேன். அதை அவள் இப்போது வாசிக்க வேண்டியதில்லை, நீங்கள் வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தானியாவிலிருந்து உரோமைக்கு வந்து போதித்த பெலாஜியஸ் என்ற துறவியும் அவரைச் சேர்ந்தவர்களும், ஆதாமின் பாவம் ஆதாமுக்கே கேடு விளைவித்தது, மற்றவர்களுக்கு அது தீய முன்மாதிரி மட்டுமே என்றார்கள். அகுஸ்தீன் அதை எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கமும் அதைக் கண்டித்தது. அகுஸ்தீனின் கையிலிருந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் ரோமர் 5:12-இன் முடிவு, ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று பொருள்படும்படி இருந்தது. கிரேக்க மூலமோ, நம்முடைய தமிழ் வேதாகமத்தில் இருப்பதுபோல, எல்லாரும் பாவஞ்செய்தபடியால் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. பச்சிளங்குழந்தையும் ஆதாமின் குற்றத்தில் பங்காளி என்றும், ஞானஸ்நானம் பெறாமல் இறந்தால் அதற்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் மிக இலேசான தண்டனை என்றும் அவர் முடிவு செய்தார். அந்த முடிவு அவரையே உறுத்தியது. குழந்தைகளின் தண்டனையைப் பற்றிய இடத்திற்கு வரும்போது பெரும் நெருக்கடியில் சிக்கி, என்ன பதில் சொல்வதென்று அறியாமல் நிற்கிறேன் என்று அவர் வேத அறிஞர் எரோனிமுவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

கீழைத் திருச்சபை அந்த வழியில் செல்லவேயில்லை. ஆதாமிடமிருந்து நாம் பெறுவது மரணத்தையும் பலவீனத்தையுமே, அவருடைய குற்றப்பழியை அன்று என்பது அவர்களுடைய போதனை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் தண்டிக்கப்படுவதில்லை என்று நாசியான்சு கிரகோரி நான்காம் நூற்றாண்டிலேயே பிரசங்கித்திருக்கிறார். மேலைத் திருச்சபையிலும் கடுமை படிப்படியாகக் குறைந்தது. இடைக்கால ஆசிரியர்கள் வேதனையற்ற ஓர் இடத்தைக் குழந்தைகளுக்காகக் கற்பித்தார்கள்; அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. பிறப்பினால் வருகிறது, பின்பற்றுவதால் அன்று என்று 1546-இல் திரெந்து பொதுச்சங்கம் ஜென்ம பாவத்தை உறுதிப்படுத்தியது உண்மை. ஆனால் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அது பாவம் என்று அழைக்கப்படுவது ஒப்புமையால் மட்டுமே, அது நாம் செய்த செயலன்று, நாம் பெற்றுக்கொண்ட நிலை என்று விளக்குகிறது. உரோமையின் பன்னாட்டு இறையியல் குழு 2007-இல் வெளியிட்ட ஆவணம், இத்தகைய குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்று கூறியது.

சீர்திருத்தச் சபைகளின் பக்கமும் ஆறுதல் உண்டு. தேவபக்தியுள்ள பெற்றோர், குழந்தைப் பருவத்திலேயே அழைத்துக்கொள்ளப்பட்ட தங்கள் பிள்ளைகளின் மீட்பைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று, மீட்படைவோரைத் தேவன் முன்னமே தெரிந்தெடுப்பதைப் பற்றி மிகக் கண்டிப்பாகப் பேசிய, நெதர்லாந்தின் தோர்த் நகரில் கூடிய சங்கமே 1619-இல் எழுதிவைத்தது. எல்லாவற்றையும்விட உங்கள் மகளுக்கு உகந்தது 1542-இல் லூத்தர் எழுதிய சிறு நூல். கருச்சிதைவாலும் பிரசவத்திலும் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்காகவே அவர் அதை எழுதினார். அந்தத் தாய்மாரைக் குற்றம் சாட்டக் கூடாது, அவர்கள் வார்த்தையில் வடிக்க முடியாத பெருமூச்சுகளையே தேவன் ஜெபமாக ஏற்கிறார் என்பது அதன் சாரம். அப்போது லூத்தர் ஜென்ம பாவக் கோட்பாட்டை ஒரு சிறிதும் தளர்த்தியிருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஜென்ம பாவம் என்ற போதனை, பிறக்கிற குழந்தை எப்படிப்பட்ட உலகத்திற்குள், எப்படிப்பட்ட மனிதகுலத்திற்குள் வருகிறது என்பதைச் சொல்லுவது. அந்தக் குழந்தையின்மேல் சாட்டப்பட்ட குற்றப்பத்திரிகை அன்று. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 சொல்லுகிறது. உறவினர் மறுபடியும் வந்தால் அந்த வசனத்தைக் காட்டுங்கள். குழந்தைக்காக நினைவு ஆராதனை ஒன்று நடத்தித் தரும்படி உங்கள் ஆயரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். கத்தோலிக்க அடக்கச் சடங்கிலேயே, திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தைகளுக்கென்று தனி மன்றாட்டுகள் இருக்கின்றன.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பாவத்தின் தொடக்கத்தைப் பற்றிக் கற்பிக்க ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம் மட்டும் போதுமா?
— ஓர் ஆசிரியை, நாசரேத்

பதில்: நான்காம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாவம் என்ற சொல் வேதாகமத்தில் முதன்முதலாக வருவது கனியின் கதையில் அன்று, காயீனின் கதையில்தான்: பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது, நீ அதை ஆண்டுகொள்ள வேண்டும் என்று கொலைக்கு முன்பே கர்த்தர் அவனை எச்சரிக்கிறார். ஆதாமின் பிள்ளையாகப் பிறந்த பிறகும் காயீனுக்கு அந்த எச்சரிக்கை பொருளற்றதாகிவிடவில்லை என்பதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளால் விளங்கிக்கொள்ள முடியும். சிறிய வகுப்பில் பாம்பின் படத்திற்கு வண்ணம் தீட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதனால் பழி முழுவதும் பாம்பின்மேல் விழுந்துவிடுகிறது. மனப்பாட வசனமாக யாக்கோபு 1:13 முதல் 15 வரை கொடுக்கலாம். இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கும் என்ற பதினைந்தாம் வசனத்தை மட்டும் கொடுத்துவிட்டு, நான் தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று ஒருவனும் சொல்லாதிருப்பானாக என்ற பதின்மூன்றாம் வசனத்தை நீளம் கருதி விட்டுவிட வேண்டாம்.